பின்பக்கத்து எர்த் போல்ட்

எனக்குக் கோபம் வந்தால் மூளைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற ஸ்விட்ச் வேலை செய்யாது. கார் வயரிங்கில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஊரார் காரில் எது கெட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன், இதை மட்டும் சரி செய்யத் தெரியவில்லை. என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். பத்து நாளாக எதுவுமே சொல்வதில்லை. சாப்பாட்டை வைக்கிறாள், எழுந்து போய்விடுகிறாள். அவள் தம்பியை நான் ஷெட்டிலிருந்து விரட்டிவிட்டேன், அதுதான் காரணம்.

எல்லாம் பல் டாக்டரின் காரால் வந்தது. அவருடைய அப்பா வாங்கிய கார், வயது ஐம்பத்திரண்டு. ஷெட்டில் அதை மகாராணி என்போம். முழுக்கப் பெயிண்ட் அடித்து, பழைய வயரையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாகப் போடும் வேலை. வயரிங் முழுவதையும் மச்சினன்தான் செய்தான், மூன்று வாரம். ஒவ்வொரு வயருக்கும் நுனியில் சீட்டுக் கட்டி, கட்டுக்கட்டாகத் துணி டேப் சுற்றி, பார்க்கக் கண் போதாது. நானே மனதுக்குள் மெச்சினேன். வாய்விட்டுச் சொன்னேனா? அதெல்லாம் நமக்கு வராதே.

வண்டியை எடுத்துப்போன நாலாம் நாள் டாக்டர் திரும்பி வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"பிரேக்க மிதிச்சா இண்டிகேட்டர் மினுக்குது. இண்டிகேட்டர் போட்டா பின்னாடி லைட்டெல்லாம் மங்குது. நான் எந்தப் பக்கம் திரும்பறேன்னு புரியாம லாரிக்காரன் முட்டப் பாத்தான்பா. பொழச்சதே பெரிய விஷயம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மச்சினன் ஓடிவந்து டிக்கியைத் திறந்து குனிந்தான்.

"அத்தான், அந்தப் பின்பக்கத்து போல்ட்ட ஒரு தடவ..."

"வாய மூடு! மூணு வாரம் உக்காந்து பொம்மை கட்டினியா நீ? மனுஷ உயிரு போயிருக்கும்டா! எந்த வயர எதுல சொருகி வெச்ச?"

பக்கத்து ஷெட்டில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. லேத்காரர் அதை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்து நின்று கேட்டார். நான் விடவில்லை. தண்டச்சோறு என்றேன். அக்கா புருஷன் ஷெட் என்பதால் ஒட்டிக்கொண்டிருக்கிறாய் என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் அவன் முகம் மாறியது. கையைத் துடைத்தான். துணியை மடித்து மேஜைமேல் வைத்தான். போய்விட்டான். ஆறு வருஷம் என்னோடு வேலை பார்த்தவன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன்.

மறுநாள் பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து மேனேஜர் போன் செய்தார்.

"உங்க மச்சினன் இங்க வேல கேட்டு வந்திருக்காரு. ஆள் எப்படி?"

"ஆள் தங்கம். வயரிங்லதான் கவனம் பத்தாது" என்றேன்.

எவ்வளவு நியாயமாகப் பேசுகிறோம் என்று அப்போது எனக்கே ஒரு திருப்தி. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பிறகு நான் மகாராணியைப் பிரித்தேன். மூன்று நாள். டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங் அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். சரியாக எரிந்தது. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் எரிந்தது. அவன் சுற்றிய டேப்பைப் பிளேடால் கிழித்து உள்ளே தேடினேன். ஒரு வயர்கூட இடம் மாறவில்லை. ஒரு ஜாயிண்ட்கூட லூஸ் இல்லை. தப்பு கிடைத்தே ஆக வேண்டும் என்று தேடியவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அந்த எரிச்சலில் இன்னும் கிழித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அழகான கட்டெல்லாம் குடல் சரிந்த மாதிரி காருக்குள் கிடந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, அந்தப் பின்பக்கத்து போல்ட்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விளக்குக்குப் போன கரண்ட், காரின் தகரம் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பி வரும். அதற்கு எர்த் வயரைத் தகரத்தில் போல்ட் வைத்து முடுக்குவோம். தகரத்துக்கும் வயருக்கும் நடுவே பெயிண்ட் இருந்தால் கரண்ட் வழி தெரியாமல் கண்ட விளக்குக்குள்ளும் புகுந்து திரும்பப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். கோளாறு என்றால் முதலில் எர்த்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். ஆனால் இதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த போல்ட்டை முடுக்கியது நான்.

கழற்றினேன். அடியில் புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அன்றைக்கு நடந்தது கண்முன் வந்தது. பெயிண்ட் காய்ந்து வந்த நாள். மச்சினன் குழந்தைக்கு ஜுரம் என்று லீவு. எர்த் வயர்களை நானே மாட்டினேன். சுரண்டுவதற்கு உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். டாக்டர் பக்கத்தில் நின்று பெயிண்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கீறல்கூட விழாது டாக்டர், நம்ம கை பட்ட வண்டி" என்று பீற்றிக்கொண்டவன் அவர் எதிரிலேயே எப்படிச் சுரண்டுவது? தாளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முடுக்கிவிட்டேன். அவர் போனபிறகு சுரண்டலாம் என்று நினைத்தேன். மறந்தேன்.

இப்போது சுரண்டி மாட்டினேன். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றியது. டிக்கி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அடடா. நேத்தே வேற ஆள் சேத்துட்டோமே" என்றார்.

மச்சினன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் உள்ளே வரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜரிடம் பேசியது உட்பட. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"கோளாறு கெடச்சிடுச்சுன்னு மட்டும் சொன்னேன் மாப்ளே."

"திட்டினது ஷெட்டுல, அத்தன பேர் முன்னாடி. இங்க வந்து காதுல சொல்றீங்க. அங்க சொல்லுங்க அத்தான். நான் வந்து நிக்கிறேன்."

கிழித்த வயர்க்கட்டுகளையெல்லாம் மறுபடி சுற்ற எனக்கு ஐந்து நாள் ஆனது. அவன் கை நேர்த்தி வரவில்லை. அடுத்த நாள் காலையில் டாக்டர் வந்தார். மச்சினன் வாசலோரம் நின்றான்.

"சரியாயிடுச்சா? அந்தத் தம்பி என்னதான் பண்ணி வெச்சிருந்தாரு?"

"அவன் ஒண்ணும் பண்ணல டாக்டர். தப்பு என்னோடது" என்றேன். லேத் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

லேத்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

அந்த அமைதியில் திரும்பச் சொன்னேன், சத்தமாக, முதலிலிருந்து. பெயிண்ட், உப்புத்தாள், நான் பீற்றிக்கொண்டது, அவனை வாயைத் திறக்கவிடாதது.

மச்சினன் காருக்கு அருகே வந்தான். பானெட்டைத் தூக்கினான்.

"முன்பக்கத்து எர்த்தும் அன்னைக்கு நீங்கதான மாட்டினீங்க?"

ஆமாம். அதை நான் பார்க்கவே இல்லை. அவன் கழற்றினான். அடியில் அதே பளபளப்பு. மழை நாளில் ஹெட்லைட் காலை வாரியிருக்கும்.

அவன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தான். "டாக்டர், இந்த இடத்துல கொஞ்சம் பெயிண்ட சுரண்டணும். பரவாயில்லையா?"

"இதெல்லாம் கேக்கணுமா? சுரண்டுங்க தம்பி."

அவ்வளவுதான். இதை ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவன் சுரண்டி முடுக்கினான், கையைத் துடைத்தான், துணியை மடித்து மேஜைமேல் வைத்தான்.

"நாளைலேருந்து வந்துடு மாப்ளே" என்றேன்.

"வேற எடத்துல கேட்டிருக்கேன் அத்தான். அவங்க உங்களுக்குப் போன் பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.