விருப்பப்படி ஒரு மாடு

எங்கள் குடும்பத்தில் நிலம் கைமாறுவதற்கு யாரும் சாக வேண்டியதில்லை. ஜெர்மனியின் பொமரேனியாவிலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்த எங்கள் ஆட்கள், இறகு மெத்தைகளோடும் வாத்துக் கொழுப்பு ஜாடிகளோடும் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அப்பாவுக்கு அறுபது தாண்டி, மகனுக்குக் கல்யாணமும் கூடிவந்தால், அப்பா உயிரோடிருக்கும்போதே பண்ணை முழுவதையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். பதிலுக்கு, பெற்றோர் இருவரும் கண்மூடும் வரை மகன் அவர்களுக்கு என்னென்ன தர வேண்டும் என்று ஒரு பத்திரம் எழுதப்படும்.

பாசத்தை நம்பி எதையும் விடுவதில்லை. 'விறகு தர வேண்டும்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் மகன் முழு மரங்களைக் கொண்டுவந்து முற்றத்தில் உருட்டிவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து எல்லாப் பத்திரங்களிலும், 'அடுப்பு வாய்க்குள் நுழையும் நீளத்துக்கு அறுத்து, பிளந்து, வாசலிலிருந்து மூன்றடிக்குள் அடுக்கிய ஓக் விறகு' என்று வந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு வீட்டுச் சண்டை இருக்கும். ஒரு பத்திரத்தைப் படித்தால் ஊர்ச் சரித்திரமே தெரிந்துவிடும்.

1892 வசந்தத்தில் என் கொள்ளுத்தாத்தா லெபரெக்ட் சாஸ்ட்ரோ தன் எண்பது ஏக்கரையும் பதினான்கு கறவை மாடுகளையும் மகன் ரைன்ஹோல்டுக்கு எழுதிவைத்தார். எழுதியவர் தேவாலயப் பள்ளியின் ஆசிரியர் பீப்கோர்ன். அவருக்குக் கையெழுத்து அழகு, காது மந்தம். எல்லோரும் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. அதனால் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது சாலையில் போனவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. மேற்குப் பக்கத்து அறைகள் இரண்டு, அரைத்த ரை தானிய மாவு, இருநூறு பவுண்டுக்குக் குறையாத ஒரு பன்றி, இறகோடு ஆறு வாத்துகள், ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு வண்டி, சனிக்கிழமைதோறும் ஒரு டஜன் முட்டை, வாரத்துக்கு அரைப் பவுண்டு காபிக்கொட்டை. காபிக்குப் பக்கத்தில் 'வறுத்த பார்லி காபி ஆகாது' என்று ஒரு குறிப்பும் உண்டு. அது கொள்ளுப்பாட்டி ஒட்டீலி சேர்த்தது. பால் விஷயத்தில், 'தொழுவத்திலிருந்து அவர்கள் விருப்பப்படி ஒரு மாடும், அதிலிருந்து வரும் அனைத்தும்' என்று எழுதினார்கள்.

பத்திரத்தின் கடைசி வரி மணப்பெண் ஹுல்டா கேட்டது. தொழுவமும் அதன் வேலையும் முழுக்க மகனுடையவை, தந்தை அவற்றில் கைவைக்கவும் யோசனை சொல்லவும் மாட்டார் என்பது அந்த வரி. அவள் பிறந்த வீட்டில் அவளுடைய அண்ணன் பெயருக்குப் பத்திரம் எழுதிய பிறகும், அவளுடைய அப்பா தினமும் தொழுவத்துக்குப் போய் மகன் செய்ததையெல்லாம் திருப்பிச் செய்துகொண்டிருந்தார். மூன்று வருடம் பொறுத்த அண்ணன் நான்காம் வருடம் தூர மேற்கே டக்கோட்டாவுக்குப் போய்விட்டான். ஹுல்டா அதைப் பார்த்தவள்.

லெபரெக்ட் அந்த வரியைச் சலுகை என்று நினைத்துக்கொண்டார். அறுபத்துமூன்று வயதில் யாரும் தன்னை வேலைக்குக் கூப்பிட முடியாது, நல்லதுதானே என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். தனக்கு என்னென்ன வந்துசேர வேண்டும் என்று முட்டை வரைக்கும் எண்ணிய மனிதர், தான் நாள் முழுக்க என்ன செய்வது என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம், விடிகாலை நாலரைக்கு, நாற்பது வருடப் பழக்கத்தில் எழுந்து தொழுவத்துக்கு நடந்தார். வாசலில் ஹுல்டா பால்வாளியோடு நின்றிருந்தாள்.

"மாமா, குளிருது. உள்ள போய்ப் படுங்க. கையெழுத்துப் போட்டாச்சே."

"சும்மா பாத்துட்டுப் போறேம்மா."

"எங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. அவரு சும்மா பாத்துப் பாத்துத்தான் எங்கண்ணன் ஊரை விட்டே போனான்."

உள்ளே ரைன்ஹோல்ட் ஒரு மாட்டின் வயிற்றில் நெற்றியை அழுத்திக்கொண்டு, காதில் எதுவும் விழாதவன்போலக் கறந்துகொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் பத்திரத்தில் இருப்பதை மீறுவதில்லை. கையெழுத்துப் போட்டவரே மீறினால் அப்புறம் விறகுக்கும் காபிக்கும் என்ன மதிப்பு? லெபரெக்ட் திரும்பி நடந்தார்.

அடுத்த மூன்று வாரங்களை எப்படிக் கடத்தினார் என்பது குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். மேற்கு அறைகளின் கதவுக் கீல்கள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டார். போட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துச் சேர்த்தார். பிறகு சமையலறைக்குள் நுழைந்தார். இதற்கு நடுவே தினமும் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, தொழுவத்திலிருந்து கேட்கும் சத்தங்களை வைத்தே எந்த மாட்டை இப்போது கறக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வெறும் வாளியில் பால் விழும்போது தகரச் சத்தம் வரும். நிறைய நிறையச் சத்தம் கனத்துப்போகும். சீக்கிரம் கனத்தால் அது லீஸ, நேரமானால் ப்ளெஸ். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. இரண்டு முறை ஒட்டீலியிடம், டக்கோட்டாவில் நிலம் கிடைக்கிறதாமே என்று கேட்டார்.

கிணற்றடியில் ஒட்டீலி மருமகளிடம் முறையிட்டாள். "அந்த மனுஷன் என் கரண்டியெல்லாம் நீளவாரியா அடுக்கி வச்சிட்டாரு ஹுல்டா. நாளைக்கு என்னையும் எங்கயாச்சும் அடுக்கிடுவாரு."

ஹுல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனம் இளகவில்லை. ஒருவர் இன்று வாசலில் நின்றால் நாளை உள்ளே நிற்பார், நாளை மறுநாள் வாளியைக் கையில் வாங்கிக்கொள்வார் என்பது அவள் கண்டறிந்த பாடம்.

செய்வதற்கு வேறு ஒன்றுமில்லாத லெபரெக்ட் கடைசியில் பத்திரத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நான்காவது நாள் ஒட்டீலியைக் கூப்பிட்டு ஒரு வரியை விரல் வைத்துக் காட்டினார். மறுநாள் காலை நாலரைக்குத் தலையில் கறுப்புத் தொப்பியோடு தொழுவ வாசலில் நின்றார்.

மாடு தேர்ந்தெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். நியாயம்தான் என்று ஹுல்டா வழிவிட்டாள். அவர் ப்ளெஸைத் தேர்ந்தெடுத்தார். அதன் பால் மேற்கு அறைக்குப் போயிற்று. மறுநாள் காலை மறுபடி வந்து நின்றார்.

"இன்னிக்கு லீஸ."

"நேத்து ப்ளெஸ்னு சொன்னீங்களே மாமா."

"அது நேத்தைய விருப்பம். விருப்பப்படி ஒரு மாடுன்னுதான் எழுதியிருக்கு. எத்தனை தடவை விரும்பலாம்னு எழுதல."

உள்ளே ரைன்ஹோல்ட் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு வாளியை உதைத்துவிட்டது.

ஹுல்டா பத்திரத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து தினமும் காலையில் லெபரெக்ட் தொழுவத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். தேர்ந்தெடுப்பது என்றால் சும்மாவா? ஒவ்வொரு மாட்டின் மூக்கும் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். காதைப் பிடித்துச் சூடு பார்ப்பார். சாணம் இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு மடி. மருமகள் கொண்டுவந்ததோடு சேர்த்துப் பதினைந்து மாடுகளுக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு கருவியைத் தொடமாட்டார், வாளியைத் தொடமாட்டார், வைக்கோலைக்கூடத் தள்ளமாட்டார். யாருக்கும் ஒரு யோசனை சொல்லமாட்டார். கடைசியில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பசியோடு வீட்டுக்குப் போய் முழுச் சாப்பாடு சாப்பிடுவார். டக்கோட்டாப் பேச்சு நின்றது.

ஹுல்டா பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வாரம் பொறுத்தாள். ஜூன் மாதம் அவர் ரோசீனாவைத் தேர்ந்தெடுத்தார்.

ரோசீனா ஹுல்டா பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த பசு. கொம்பில் மாலை சுற்றி, கல்யாண வண்டிக்குப் பின்னால் கட்டி நடத்திக் கூட்டிவந்தது. எங்கள் வழக்கத்தில் மருமகளின் பசுவை மாமனார் கண்ணால் பார்த்துப் புகழலாம், அவ்வளவுதான். அவர் அன்று மட்டுமில்லை, மறுநாளும் ரோசீனா என்றார். அதற்கு அடுத்த நாளும். அதோடு, தன் மாட்டைத் தானே கறந்துகொள்வதாகவும், எல்லா மாடும் கறந்தபின் கடைசியாகக் கறப்பதாகவும் சொன்னார். தினமும் ஐந்தாறு முறை தொழுவத்துக்குப் போனார். 'அதிலிருந்து வரும் அனைத்தும்' தன்னுடையது, வருவதை எடுக்கப் போகிறேன் என்றார்.

எட்டாம் நாள் ஹுல்டா ரைன்ஹோல்டிடம் தீர்மானமாகச் சொன்னாள். "சனிக்கிழமை பீப்கோர்ன் வாத்தியாரை வரச் சொல்லுங்க. மாடு தேர்ந்தெடுக்கறது வருஷத்துக்கு ஒரே தடவைன்னு எழுதணும். இல்லன்னா நான் என் பசுவைப் புடிச்சிக்கிட்டு எங்க வீட்டுக்கு நடந்துடுவேன்."

ரைன்ஹோல்ட் அப்பாவிடம் போய்ச் சொன்னான். எழுதியபின் தொழுவத்துக்கு வருடத்தில் ஒரு நாள்தான் போகலாம் என்பது அவருக்கும் புரிந்தது. சரி, எழுதட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு ரோசீனாவிடம் போனார்.

சனிக்கிழமை காலை, வாத்தியார் வருவதற்கு முன்பே, ஹுல்டா பத்திரப்படி ஒரு டஜன் முட்டையை எடுத்துக்கொண்டு மேற்கு அறைக்குப் போனாள். மாமனாரும் மாமியாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரை ரொட்டியில் வாத்துக் கொழுப்பு தடவியிருந்தது. வெண்ணெய் இல்லை. கோப்பையில் காபி கறுப்பாக இருந்தது. பண்ணையிலேயே நன்றாகக் கறக்கும் பசுவை ஒன்பது நாளாக வைத்திருக்கும் வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

"ரோசீனா பால் எங்க போகுது அத்தை?" என்று கேட்டாள்.

லெபரெக்ட் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டீலி அவரைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"வேலியோரக் குழிக்கு. ஒம்பது நாளா இந்தக் கசப்பக் குடிக்கிறேன். இனிமே என்னால வாய மூட முடியாது. உன் பசுவுக்கு மடி நோவு, ஹுல்டா."

பசுவின் மடி வெளியே பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே நான்கு தனித்தனி அறைகள். ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போகாது. நோய் ஒரே அறையில் தொடங்கும். அப்போது பால் பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க இரண்டே வழிகள். கையை வைத்தால் அந்த அறை மட்டும் கொஞ்சம் சுடும். முதல் பீச்சலைக் கறுப்பான எதன்மீதாவது விட்டுப் பார்த்தால் உப்புக்கல் அளவுக்குத் திரிந்த பால் கட்டிகள் தெரியும். லெபரெக்ட் தினமும் கறுப்புத் தொப்பி போட்டுப் போனது அதற்குத்தான். கட்டியைப் பார்த்ததும் வைத்தியத்தையும் தொடங்கிவிட்டார். பகலெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சிக் காலிசெய்து, வெந்நீர்த் துணி ஒற்றிக் கொடுத்தார். கையிலிருந்து நோய் வேறு மாட்டுக்குப் பரவாமலிருக்கக் கடைசியாகக் கறந்தார். அந்தப் பால் ஒரு படி கலந்திருந்தாலும் சாஸ்ட்ரோ வீட்டுப் பால்கேன் முழுவதும் கெட்டிருக்கும். பால் வாங்கும் சீஸ் ஆலைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, வரிசையில் நிற்கும் இருபது வண்டிகளின் முன்னால் கேனைத் திருப்பி அனுப்பியிருப்பார். புதுமருமகள் வந்த மூன்றாம் மாதத்தில், அவள் சீராகக் கொண்டுவந்த பசுவால்.

ஹுல்டா முட்டைக் கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா, கெழவன் உன் பசுவுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டான்னு நெனப்ப. யோசனை சொல்லமாட்டேன்னும் கையெழுத்துப் போட்டிருக்கேன். மாடு தேர்ந்தெடுக்க மட்டுந்தான் எனக்கு உரிமை. அதான் தேர்ந்தெடுத்தேன்."

ஹுல்டா தொழுவத்துக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார். ரோசீனாவின் மடியில் அவர் காட்டிய வலது பின் அறையில் கையை வைத்துப் பார்த்தாள். இப்போது சூடு இல்லை. அவர் தொப்பியைக் கழற்றி நீட்டினார். அவள் அதன்மீது பீச்சினாள். பால் சுத்தமாக ஓடியது. அவள் மறுபடியும் பீச்சிப் பார்த்தாள்.

பீப்கோர்ன் வாத்தியார் மைப்புட்டியோடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை என்றுதானே எழுத வேண்டும் என்று அவர் கேட்டார். ஹுல்டா அவர் காதருகே குனிந்தாள்.

"தினமும் ரெண்டு தடவைன்னு எழுதுங்க. காலையும் சாயந்தரமும், கறக்கறதுக்கு முன்னாடி, மாமா எல்லா மாட்டையும் பாக்கணும். என்ன குறை தெரிஞ்சாலும் வாய்விட்டுச் சொல்லணும். என் பசுவா இருந்தாலும்."

லெபரெக்ட் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அப்படி ஒப்புக்கொண்டால் அவர் சாஸ்ட்ரோவே இல்லை. பனிக்காலத்தில் தொழுவம் இருட்டாக இருக்குமே, லாந்தர் யாருடையது, அதற்கு எண்ணெய் யார் ஊற்றுவது என்று கேட்டார். எண்ணெய் மகனுடையது என்று எழுதப்பட்டது. குறையைச் சொல்லலாம், ஆனால் ஒரு குறையை ஒருமுறைதான் சொல்லலாம் என்று ஹுல்டா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். கேட்காவிட்டால் இரண்டாம் முறை சொல்லலாம் என்று அவர் பேரம் பேசினார். ஒன்றரை முறைக்கு வழியில்லாததால் இரண்டு என்று முடிந்தது. மேசையில் ஒரு ஜாடிப் பால் இருந்தது. ஒட்டீலி அதைத் தன் கோப்பையில் விளிம்பு வரை ஊற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை நாலரைக்கு லெபரெக்ட் தொழுவத்தைச் சுற்றிவந்து மூன்று குறைகளை வாய்விட்டுச் சொன்னார். அவற்றில் ஒன்றுதான் மாட்டைப் பற்றியது.