செயலாளரின் கால்சியம்

கல்லாகிப்போன மனிதனைக் குளியலறையிலேயே கரைத்து, பெண் பார்க்க வந்தவர்கள் வாசல் தாண்டுவதற்குள் ஆளாக மீட்டவன் நான். உலகத்தில் வேறு ஆள் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

அவர் எங்கள் அடுக்ககச் செயலாளர் திருமூர்த்தி. வெந்நீர் ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தவர் கழுத்துவரை வெள்ளைக் கல்லானார். ஆழ்துளைத் தண்ணீர் அப்படி. தண்ணீர் உப்பு என்று யார் சொன்னாலும் குழாயை இன்னும் ஆழமாக இறக்குவார். ஆழத்தோடு கால்சியம் கூடியது. பெருமையும் கூடியது.

அன்று அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வந்து உட்காராவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று கூடத்தில் சொல்லிவிட்டார்கள். திருமூர்த்தியின் மனைவி மரகதம் என்னிடம் ஓடிவந்தார். நான் சாயப்பட்டறையில் தண்ணீர் சோதித்து ஓய்வு பெற்றவன்.

கால்சியத்தைப் பிடிக்கும் ரசாயனமான இ.டி.டி.ஏ.க்களை வரவழைத்தேன். ஆளுக்கு ஆறு கைகள். பட்டறையில் சாயம் திட்டுத்திட்டாகப் படியாமல் காத்தவர்கள். இப்போது ஆய்வகத்தில், பரிசோதனைக் குழாய்க்குள் உட்கார்ந்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கே போனாலும் வேலை ஒன்றே. ஆளுக்கொரு கால்சியத்தை நண்டுபோலக் கவ்விக்கொண்டு தண்ணீரோடு வெளியேறுவார்கள். பிடித்ததை விடமாட்டார்கள்.

வரிசைக்கு இடம் போதவில்லை. வராந்தா கொஞ்சம் நீண்டு கொடுத்தது.

அவர்களின் மேஸ்திரி திருமூர்த்தியைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல எது உப்புக் கறை, எது எலும்புங்க? எங்களுக்கு ரெண்டும் கால்சியந்தான். உடையவரு சொல்லோணும்."

"கறையே இல்லீங்க," என்றார் திருமூர்த்தி. "நம்ம போர் தண்ணி எளநி மாதிரி. காலு கொஞ்சம் மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

"அப்ப முழுக்க நீங்கதானுங்களா?"

"முழுக்க நாந்தானுங்க."

மேஸ்திரி தலையசைத்தார். கறை இல்லாத இடத்தில் எலும்பிலிருந்து தொடங்குவதுதான் முறையாம். முதல் ஆள் குனிந்தார். அடுத்தவர் குனிந்தார். வரிசை நகர்ந்தது. திருமூர்த்தியின் சுண்டுவிரல் ஈரத் துணிபோலத் துவண்டது.

அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். வயதானால் விரல் மடங்குமாம். சர்க்கரையாகவும் இருக்கலாமாம். என்னைப் பார்த்து, பட்டறைக்காரர்கள் பீதி கிளப்புவதாகவும் சொன்னார். அதற்குள் அடுத்த விரலும் துவண்டது.

கூடத்தில் டம்ளர்கள் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன.

மரகதம் கதவோரம் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, புள்ள பெருசுங்களா, போரு பெருசுங்களா?"

திருமூர்த்தி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அந்த யோசனைக்கு இன்னொரு விரலைக் கொடுத்தார்.

மேஸ்திரி தானே குனிவதற்காகத் தன் ஆறு கைகளையும் முழங்காலில் வைத்தார்.

"இருங்க," என்றார் திருமூர்த்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "தண்ணி உப்புத்தானுங்க. நான் கல்லாத்தான் போனனுங்க."