ரப்பரில் பல் தடம்

காலையில் வந்த முதல் மூட்டையைப் பிரித்ததுமே அனுசுயாவுக்கு ரத்தம் கொதித்தது. அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் அவள் தரப் பரிசோதனை அதிகாரி. கையிலிருந்த ரப்பர் வாஷரின் ஓரத்தில் பல் தடங்கள். பெரியவர்களின் பல் அல்ல, குழந்தைப் பல். அவளுக்குத் தெரியாதா? மண்ணூர்பேட்டையில் சின்ன வயதில் அவள் கடித்துத் துப்பிய பிசிறு கொஞ்சநஞ்சமா!

அச்சிலிருந்து வரும் ரப்பரின் ஓரத்தில் பிசிறு ஒட்டியிருக்கும். அதை எடுக்கச் சொல்லி ஒப்பந்தக்காரர் பரந்தாமன் வீடு வீடாக மூட்டை இறக்குவார். "பிளேடு பட்டா கீறிக்கும். புள்ளைங்கள உட்டுப் பல்லால கடிக்கச் சொல்லு" என்பது அவர் கண்டுபிடித்த தொழில்நுட்பம். பள்ளிக்கூடம் போகணும் என்று அழுத அனுசுயாவிடம், "படிச்சு இன்னா கிழிக்கப் போற?" என்று சிரித்தவரும் அவர்தான். அண்ணனூர் அத்தை கூட்டிப்போய்ப் படிக்க வைத்ததால் தப்பித்தாள்.

அதே பரந்தாமன் அனுப்பிய சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினாள். மத்தியானமே பரந்தாமன் ஓடி வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேடம், சின்னத் தப்பு. பாத்துப் பண்ணுங்க."

"நான் அங்கம்மா பொண்ணு அனுசுயா. ஞாபகம் வருதா?"

அவர் முகம் வெளிறியது. அதைப் பார்க்க அவளுக்கு மனம் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

"பழி வாங்குறியாம்மா?"

"ஆமா. உங்க ஆர்டர அடியோட நிறுத்தத்தான் நெனச்சேன். அந்தத் தெருப் பொம்பளைங்க அடுப்பும் சேந்து அணைஞ்சிடுமேன்னு உடறேன். இனிமே பெரியவங்கதான் பிசிறு எடுக்கணும், உங்க ஷெட்டுல, ஒழுங்கான கூலிக்கு. சாயங்காலம் அதே ஷெட்டுல புள்ளைங்களுக்கு நான் பாடம் எடுப்பேன். பெருக்கிப் பாய் விரிக்கிறது நீங்க."

"நானா?"

"நீங்கதான். ஒரு புள்ள இந்த வேலையத் தொட்டாலும் ஆர்டர் போச்சு, அப்புறம் லேபர் ஆபீஸ்தான்."

மறுவாரம் பரந்தாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டைப் பெருக்கினார். தெருப் பெண்கள் வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் கூனிக் குறுகி அனுசுயாவிடம் வந்தார்.

"உன் கோவம் எப்பத்தான் தீரும்?"

"இந்தத் தெருப் புள்ளைங்க எல்லாம் படிச்சு, உங்கள மாதிரி ஆளுங்க முன்னாடி நிமிந்து நின்னு கேள்வி கேக்கற வரைக்கும் தீராது. கொழந்த கையில வேலையக் குடுத்தவனப் பழி வாங்க ஒரே வழிதான் கீது. அந்தக் கையில புத்தகத்தக் குடுக்கணும். போங்க, வெளிய நிக்கிற புள்ளைங்கள உள்ள கூப்புடுங்க."