புரோசார்ட் வீட்டு இலக்கம்

செயின்ட்-மிஷேல் தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சல் சேர்வரைப் பார்ப்பவன் உதயன். மத்தியானம் சங்க அறைக் கதவை உதைத்துக்கொண்டு வந்த திருமாறன் முதலில் உதயனின் வாயில் ஒரு குத்து விட்டான். திருமாறனின் மனைவி றஜனி, அடி தாங்காமல் ஓடி ஒளிந்து இரண்டு மாதம்.

"என்ர மெயிலுக்கை அவளின்ர எழுத்து வருது. புரோசார்டில அவள் இருக்கிற தெருப்பெயர் இருக்கு, வீட்டு இலக்கம் இல்லை."

உதயனுக்கு விளங்கியது. மின்னஞ்சலின் தலைப்பு மிக நீளமாக இருந்தால் சேர்வரின் மென்பொருள் தன் எல்லையை மீறி, நினைவகத்தில் பக்கத்தில் கிடக்கும் இன்னொரு அங்கத்தவரின் கடிதத்தையும் அள்ளிக் காட்டிவிடும். அந்தப் பிழைக்குத் திருத்தம் வந்து ஒரு மாதம். ஓடுகிறதை ஏன் நோண்டுவான் என்று விட்டது அவன்தான்.

"அது பிழையான மெயில், அண்ணை."

"திறக்கத் திறக்க வேற வேற துண்டு வருது. மிச்சமும் வரும், இரு."

திருமாறன் மேசைக் கணினியில் மெயிலை மூடித் திறந்தான். 'மணி அடிக்காது, தட்டு' என்று றஜனி தமக்கைக்கு எழுதிய வரி வந்தது. அடுத்தது இலக்கமாக இருக்கலாம்.

உதயன் மேசைக்கடியில் பாய்ந்து சேர்வரின் வயரைப் பிடித்தான். திருமாறனின் சப்பாத்து அவனுடைய விரல்களை நெரித்தது. எலும்பு முறிந்தது.

"விடடா. அவள் உனக்கு ஆர்?"

"ஒருத்தருமில்லை. பிழை என்ரை."

மற்றக் கையால் இழுத்தான். சேர்வரின் இரைச்சல் அடங்கியது.

"திரும்பப் போடு."

"போடலாம், அண்ணை. கரண்ட் போனதால நினைவகத்தில இனி ஒண்டும் இராது."

விலாவில் உதை விழுந்துகொண்டே இருந்தது. திருமாறன் களைத்து வெளியே போனபின், உதயன் றஜனியின் அங்கத்தவர் படிவத்திலிருந்த தொலைபேசி எண்ணை இடக்கையால் அழுத்தினான்.

"றஜனி அக்கா, அவருக்குத் தெரு தெரிஞ்சு போச்சு. இப்பவே வெளிக்கிடுங்கோ."