வண்டி நிக்கு

அன்று காலை எடைமேடை அறையில் இருந்தவர்கள்:

சுடலைமணி, குவாரி மேனேஜர்.

சங்கிலிபூதத்தான். சுடலைமணி சொன்னால் அடிப்பான். வேறு வேலை அவனுக்குக் கிடையாது.

ரசீத், மேலப்பாளையத்து லாரி டிரைவர். சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் அவனைக் கயிறு சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

நான். ராத்திரி ஷிப்டில் லாரிகளுக்கு எடை போடுபவன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். ஷிப்டு முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவனைத் திரும்ப உட்காரவைத்தார்கள்.

போன் யாரிடமும் இல்லை. யார் எந்த டவருக்குக் கீழே இருந்தார்கள் என்று போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்பதை சுடலைமணி எங்கோ கேட்டு வைத்திருந்தார். எங்கள் போன்களை ஒரு பையில் போட்டு, காரில் பாபநாசத்துக்கு அனுப்பிவிட்டார். கேட்டால் எல்லோரும் அருவியில் குளித்துக்கொண்டிருந்தோம். ரசீத்தின் போன் மட்டும் குளிக்கப் போகவில்லை. சங்கிலி அதை முதலிலேயே ஜல்லிக்கல்லால் தூளாக்கியிருந்தான்.

அங்கேதான் அவர்களுக்குச் சிக்கல். ரசீத்தின் மெயில் அந்தப் போனில் இருந்தது.

முந்தின வாரம் குவாரியில் வெடி வைக்கக் கூடாத இடத்தில் வைத்தார்கள். பாறை சரிந்தது. கல் உடைத்துக்கொண்டிருந்த தனலட்சுமி அடியில் போய்விட்டாள். அவளை எடுக்கவில்லை. பொக்லைனை விட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடினார்கள். லாரிக்குள் உட்கார்ந்திருந்த ரசீத் அதை வீடியோ எடுத்து, புகார் எழுதி, கனிமவளத்துறை அதிகாரிக்கு மெயில் அனுப்பிவிட்டான். எங்களை உட்காரவைத்த அன்று மத்தியானம்தான் விசாரணை. அதற்குள் அதே மெயிலிலிருந்து, நான் சொன்னது பொய், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று போக வேண்டும்.

அது போன பிறகு ரசீத் தேவைப்பட மாட்டான். மூடிய குழிக்குப் பக்கத்தில் பொக்லைன் ஸ்டார்ட்டில் நின்றது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ரசீத்துக்கும் கேட்டிருக்கும்.

"ஏலே, படிச்ச பயலே," என்றார் சுடலைமணி. "இந்தப் பெட்டியில மெயில் போட முடியுமாலே?"

"இதுல ப்ரௌசர் கிடையாது அண்ணாச்சி. எடை போடுத சாப்ட்வேர் மட்டுந்தான். வெறும் கறுப்பு ஸ்கிரீன்."

"நெட் இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்பம் வழியும் இருக்கும். இல்லைன்னு சொன்னேன்னா, அங்கன இன்னொரு நாற்காலி சும்மா கெடக்கு."

வழி இருந்தது. சொல்லிவிட்டேன். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகவே மெயில் பார்க்கவும் அனுப்பவும் புரோகிராம்கள் உண்டு. ஆனால் அந்த மெஷின் அவ்வளவு பழசு. அதற்குத் தயாராக எதுவும் இப்போது எங்கேயும் கிடைக்காது. சோர்ஸ் கோடை இறக்கி, அங்கேயே கம்பைல் செய்து ஏற்ற வேண்டும்.

"கடையில சோத்துப் பொட்டலம் கிடைக்காது அண்ணாச்சி. நெல்லா வாங்கி, குத்தி, ஆக்கணும்."

"ஆக்கு. என்ன புரோகிராம் அது?"

"பேரு மட்டு. இங்கிலீசுல நாட்டு நாயின்னு அர்த்தம்."

சங்கிலி சிரித்தான். "நாயி தபாலு கொண்டு போவுமோ வே?"

"நீ கொண்டு போகலையா," என்றான் ரசீத் சுவரைப் பார்த்தபடியே.

சங்கிலி அவன் பிடரியில் ஒன்று போட்டான். நெற்றி சுவரில் மோதியது.

"தூக்கம்," என்று கூப்பிட்டான் ரசீத். டிரைவர்கள் எனக்கு வைத்த பேர் அது. "நீயும் இவனுவகூடத்தானா?"

சோர்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. நான் யோசித்தது ஒன்றைத்தான். இது இன்ஸ்டால் ஆகி முடிகிற வரைக்கும் ரசீத் உயிரோடு இருப்பான். பழைய மெஷின், மெதுவாகத்தான் ஓடும். முதல் தடவையாக அது மெதுவாக ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது.

சுடலைமணி என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம் மருமவன் கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கான். எனக்கும் கொஞ்சம் தெரியும் கேட்டியா. எரர்னு வந்தா நீ ஏதோ குளறுபடி பண்ணுதேன்னு அர்த்தம். இதுல எரர்னு வந்தா அவனுக்கு ஒரு அடி."

"அண்ணாச்சி, அது அப்படி இல்ல..."

"ஓட்டு."

சங்கிலி ஜாக்கி லிவரை எடுத்துக்கொண்டான். ரசீத்தின் லாரியில் கிடந்த லிவர்தான், ரசீத்தை இறக்கும்போது அதையும் இறக்கியிருந்தான்.

கான்பிகர் கட்டளையைக் கொடுத்தேன். மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று அது ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் தேடும். இருந்தால் எஸ், இல்லாவிட்டால் நோ. வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. சுடலைமணி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

"எரர்!" என்று கத்தினார்.

லிவர் ரசீத்தின் முழங்காலில் இறங்கியது. கறிக்கடையில் எலும்பு உடைக்கிற சத்தம். பிறகுதான் அவன் அலறினான்.

"அண்ணாச்சி, அது எரர் இல்ல! ஒரு ஃபங்ஷனோட பேருல அந்த எழுத்து வருது. ஸ்ட்ர்-எரர். அது இருக்கான்னு தேடுது, இருக்குன்னு எஸ் போட்டிருக்கு, பாருங்க."

"எரர்னு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"பெறவென்னலே?"

திரையில் எழுத்து வரைய லைப்ரரி என்கிற ஒரு துணைப் புரோகிராம் வேண்டும். அந்த மெஷினில் அது பாதிதான் இருந்தது. கான்பிகர் அங்கே வந்து நின்றது. இந்தத் தடவை நிஜ எரர், வரியின் முதலிலேயே. நான் உடம்பால் திரையை மறைக்கப் பார்த்தேன். சுடலைமணி என் தலைமயிரைப் பிடித்து ஒதுக்கிவிட்டுப் படித்தார். சங்கிலியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். லிவர் நாற்காலிக் கையில் கட்டியிருந்த ரசீத்தின் புறங்கையில் இறங்கியது. விரல்கள் வேறு வேறு பக்கம் திரும்பின.

அந்த லைப்ரரியின் சோர்ஸையும் இறக்கிக் கம்பைல் செய்ய ஆரம்பித்தேன். அதற்குள் எத்தனை ஃபைல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. அதில் ஒரு ஃபைலின் பேர் காம்ப் எரர். ஒரு குற்றமும் இல்லாமல் கம்பைல் ஆகி அது கடந்து போனது. சங்கிலி இந்தத் தடவை தாடையில் அடித்தான். ரசீத்தின் பல் ஒன்று கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அதற்கு மேல் அவனால் கத்த முடியவில்லை. வாய் மூடாமல், ஊளை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ஓடுவதை நிறுத்தினேன். வெளியே வரும் எழுத்துகளைத் திரைக்குப் போகாமல் அப்படியே முழுங்கச் சொல்லித் திரும்ப ஓட்டினேன். திரை சும்மா நின்றது.

"ஏன் ஒண்ணும் ஓட மாட்டேங்கு?"

"உள்ளுக்குள்ள ஓடுது அண்ணாச்சி."

"எனக்கு வெளிய ஓடணும்." லிவரை வாங்கி அதன் முனையை என் முழங்கையில் வைத்தார். அதில் ஒட்டியிருந்தது என் சட்டையிலும் ஒட்டியது.

மறுபடி நிறுத்தினேன். இந்தத் தடவை குழாய்க்கு வடிகட்டி மாட்டுவதுபோல் இடையில் ஒரு சின்னக் கட்டளையைச் சேர்த்தேன். எரர் என்று வரும் இடத்திலெல்லாம் சரி என்று மாற்றிக் காட்டு. இங்கிலீஷ் எழுத்தில்தான், எஸ் ஏ ஆர் ஐ.

வரிகள் ஓடின. சுடலைமணி எழுத்துக் கூட்டினார்.

"சரி... இந்தா மறுபடியும் சரி. இப்பம் எப்படி ஒழுங்கா வருது பாத்தியா? அடி விழுந்தாத்தான்லே உங்களுக்கு வேலை ஓடும்."

சங்கிலிக்கு ஏமாற்றம். திரும்ப வாங்கிய லிவரைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றான்.

லைப்ரரி ஏறியது. அதன் மேல் மட்டு கம்பைல் ஆகி ஏறியது. இனி எழுத வேண்டியது ஒரு சின்ன கான்பிகரேஷன் ஃபைல். யாருடைய மெயில், எந்த சர்வர், என்ன பேர், என்ன பாஸ்வேர்டு. ரசீத்தின் மெயில் லாரிக்காரர்கள் சங்கம் கொடுத்தது. ஓடிபி கிடையாது, பாஸ்வேர்டு இருந்தால் போதும். அந்தச் சங்கத்துக்கு ஒரு பொது முகவரியும் உண்டு. அதற்கு எது வந்தாலும் உறுப்பினர்கள் அத்தனை பேர் போனிலும் மணியடிக்கும். வழியில் பழுதாகி நிற்கும் டிரைவர் நீட்டி முழக்க மாட்டான். வண்டி நம்பர், இடம், வண்டி நிக்கு. அவ்வளவுதான் எழுதுவான். பக்கத்தில் இருப்பவர்கள் லோடைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். எடைமேடையில் நிற்கும் டிரைவர்கள் அப்படித் திரும்பிப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"ரசீத், பாஸ்வேர்டு சொல்லு," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

"சொல்லிரு ரசீத்."

எனக்கு அது வேண்டும். அது இல்லாமல் நான் நினைத்ததைச் செய்ய முடியாது. அதை அவனிடம் சொல்லவும் முடியாது. சங்கிலி உடைந்த கையின் மேல் பூட்ஸை வைத்து மிதித்தான். ரசீத் உடைந்த தாடையோடு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஆபிதா பீவி. அவனுடைய உம்மாவின் பேர்.

"முதல் எழுத்து பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியிருந்தது.

"பெர்..." என்றான். ரத்தம் முகவாயில் வழிந்தது, நினைவு தப்பித் தலை தொங்கியது.

அனுப்புநர் பேர் என்ற இடத்தில் ரசீத் என்று போட்டேன். சுடலைமணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஒரு டெஸ்ட் மெயில் போடணும் அண்ணாச்சி. நேரா அதிகாரிக்குப் போட்டு அரைகுறையா போய்ச் சேந்தா சந்தேகம் வரும்."

"யாருக்குப் போடுவ?"

"சங்கத்து சர்வருக்கே. போயிட்டு அங்கனயே கெடக்கும்."

எழுதினேன். மேலே சங்கத்தின் பொது முகவரி. கீழே ரசீத்தின் லாரி நம்பர். குவாரி எடைமேடை. வண்டி நிக்கு.

சுடலைமணி கூட்டிப் படித்தார். "வண்டி நிக்கு. என்னலே இது?"

"எடைச் சீட்டு மாதிரி. ஏதாவது எழுதணும்லா. வண்டி மேடையில நிக்கு, அதை எழுதினேன்."

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். ரசீத்தின் லாரி எடைமேடையில்தான் நின்றது.

"சரி. அனுப்பு."

சர்வரை நம்பலாமா என்று மட்டு கேட்டது. இந்த ஒரு தடவைக்கு நம்பு என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு வாபஸ் மெயில். சுடலைமணி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மனு எழுதிப் பழகியவர். 'மேற்படி' நிறைய வந்தது. அதற்குள் ரசீத்துக்கு நினைவு திரும்பி, முனகல் கேட்டது. பணிவன்புடன் என்பதை மேலே போடச் சொன்னார், பிறகு கீழே போடச் சொன்னார். நான் ஒற்றை விரலால் அடித்தேன், தப்பாக அடித்தேன், அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

"நீயெல்லாம் காலேஜுல என்னத்தலே புடுங்கின?" என்றான் சங்கிலி.

கடைசியில் எழுத ஒன்றும் மிச்சமில்லை. சுடலைமணியே கையை நீட்டி அனுப்பும் பட்டனைத் தட்டினார். போய்விட்டது என்று திரையின் அடியில் எழுதிக் காட்டியது.

"ஆச்சு. அவனை அவுத்துத் தூக்குலே."

சங்கிலி கயிற்றை அவிழ்த்தான். ரசீத் நாற்காலியிலிருந்து சரிந்து, என் காலடியில் முகம் குப்புற விழுந்தான். சங்கிலி ஒரு கையில் லிவரோடு அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கதவுவரை இழுத்துவிட்டான். தரையில் சிவப்பாக ஒரு பட்டை விழுந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹாரன் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு வரிசையாக. குவாரி கேட் உடைந்து விழுகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் எடைமேடையின் இரண்டு பக்கமும் வந்து அடைத்து நின்றன. பொக்லைன்காரன் இறங்கி ஓடினான்.

கதவை உதைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் சங்கச் செயலாளர் சுவிசேஷமுத்து. கையில் ஜாக்கி லிவர். பின்னால் வந்தவர்கள் கையிலும் அதுதான். பழுதான வண்டிக்கு உதவ வந்தவர்கள். காலடியில் ரசீத்தைப் பார்த்தார்கள். சங்கிலி கையில் இருந்த லிவரைப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் அடியிலேயே சங்கிலியின் காது கிழிந்து தொங்கியது. சுடலைமணி மேசைக்கு அடியில் புகுந்தார். காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு, வயிற்றில் மிதித்தார்கள்.

சுவிசேஷமுத்து என்னிடம் திரும்பினார். "இவன் யாருடே?"

"எடை போடுதவன்," என்று யாரோ சொன்னார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு மெயில் போட்டதே நாந்தான்," என்றேன்.

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "ரசீத்னு போட்டிருக்கு. உம் பேரு எங்கடே?"

இல்லை. அந்த இடத்தில் ரசீத் என்று எழுதியது நான்தான். கான்பிகரேஷனில் ஒரு பிழையும் இல்லை.

"கம்ப்யூட்டர்ல பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். திரையில் கடைசியாக அனுப்பிய மெயில் கிடந்தது. மேற்படி புகார் முழுப் பொய் என்றும், அதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும். அவர் அதைக் கடைசிவரை நிதானமாகப் படித்தார். பிறகு கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்த பல்லைப் பார்த்தார்.

நான்கு பேர் ரசீத்தைத் தூக்கியிருந்தார்கள். அவனுக்கு நினைவு இருந்தது, ஒரு கண் திறந்திருந்தது.

"ரசீத், இவனுமா?"

ரசீத்தால் பேச முடியவில்லை. அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டதெல்லாம் என் குரல் பாஸ்வேர்டு கேட்டதும், சுடலைமணி சொன்னதை நான் அடித்ததும்தான். உடையாத கையைத் தூக்கி, விரலால் என்னைக் காட்டினான்.

"அவனைப் பைய தூக்கிட்டுப் போங்கடே. நேரா ஆஸ்பத்திரிக்கு," என்றார் சுவிசேஷமுத்து. "வண்டிய நிறுத்தாம போங்க."

ரசீத்தை வெளியே கொண்டுபோனார்கள். வெயிலில் அவன் மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. சுவிசேஷமுத்து அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினார்.