வால் கிழிந்த பாரை

1

"பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அப்படி என்னதான் எழுதுற?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். "மீன் கணக்கு" என்றேன். பொய்தான். இந்தக் கதை அந்தப் பொய்யிலிருந்து வந்தது.

அக்காவுக்கு முக்குளிக்கும் வேலை. கடலடியில் போட்டிருக்கும் சிமெண்ட் கூடுகளில் எவ்வளவு மீன் குடியேறியிருக்கிறது என்று மாதம் ஒருமுறை இறங்கி எண்ணுவாள். பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் அவள் எழுதி வருவதை நான் மீன்துறை அலுவலகப் பதிவேட்டில் ஏற்றுவேன்.

2

முதல் வரி: 'கடல் அன்று அமைதியாக' (அடித்துவிட்டேன். நான் கடலில் இறங்கியதே இல்லை.)

இன்னொன்று: 'அவன் தண்ணீருக்குள் குதித்தான்.' ஆணாக்கிவிட்டால் அக்கா கண்டுபிடிக்க மாட்டாள் என்று பார்த்தேன். மீசை ஒட்டவில்லை. மூன்றாம் வரியிலேயே அவன் அக்காவைப் போல என் தலையில் குட்டினான்.

3

சரி, நடந்ததையே சொல்கிறேன். பலகையில் பாரை மீன் 412. நானூறைத் தாண்டினால் அந்த இடத்தை வலைக்குத் திறந்துவிடுவார்கள். அத்தான் வலையைத் தைத்துத் தயாராக வைத்திருக்கிறார்.

அக்காவின் நெற்றிக் கேமரா எடுத்ததை ஓடவிட்டேன். வால் கிழிந்த ஒரு பாரை கூட்டத்துக்கு முன்னால் போனது. நான்கு நிமிடம் கழித்து அதே வால், பின்னால் அதே கூட்டம். கூடுகளைச் சுற்றி வந்த ஒரே கூட்டத்தை அக்கா இரண்டு முறை எண்ணியிருக்கிறாள். ஒருமுறை மட்டும் எண்ணினால் நானூறு வராது.

(குறிப்பு: எண்ணுகிறவர் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. மீனுக்கு விதி கிடையாது.)

4

முடிவு ஒன்று: நான் வாயைத் திறக்கவில்லை. எழுத எளிது, பழக்கமும்தான். ஆனால் அடுத்த பத்தியில் வலை விழுந்தது. அதற்கடுத்த பத்தியில் எழுத மீன் இல்லை.

முடிவு இரண்டு: நான் துணிச்சலாக எழுந்து நின்று (யார் நம்புவார்கள்?)

5

உண்மையில், இன்று மத்தியானம் அக்காவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். வால் வந்தபோதெல்லாம் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"உன் அத்தான்கிட்ட நானூறைத் தாண்டிருச்சுன்னு சொல்லிட்டேன்டி."

"தெரியும்க்கா."

"இதை வேற யாரு பாத்தா?"

"நான் மட்டுந்தான்."

மறுபடி ஓடவிடச் சொன்னாள். இந்த முறை அவளே விரல் வைத்தாள்.

பதிவேட்டில் பாரைக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. மூன்றாவதாகவும் ஒரு முடிவு எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் செய்ததை 'நீ பாத்ததை எழுது' என்றும் படிக்கலாம், 'நான் எழுதினதை எழுது' என்றும் படிக்கலாம். நீங்கள் படித்துவிட்டு ஒரு எண்ணைப் போடுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்: அக்கா பலகையை என் பக்கம் தள்ளினாள், ஈரத் தலையை முடிந்துகொண்டாள், எழுந்து போய்விட்டாள்.