சாதா என்று எழுதிய அட்டை

நாணயக் கண்காட்சிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக முகத்தை மூடிவிட வேண்டும். துணியால் அல்ல. நல்ல காசு கண்ணில் பட்டால் புருவம் ஏறக் கூடாது, கை பரபரக்கக் கூடாது. நானும் என் தம்பியும் பதினெட்டு வருஷம் இதைப் பழகினோம். இந்தத் தடவை எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. அவன் போய் எழுபது நாள் ஆகிறது. முகம் தானாகவே மூடிக் கிடக்கிறது. நான் அழவும் இல்லை. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று சொந்தக்காரர்கள் என் காது படவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலை. நாள் முழுக்கச் சில்லறை அவன் கைக்கு வந்து போகும். வித்தியாசமாக ஏதாவது வந்தால் தன் பையிலிருந்து ஈடு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வான். நடுவில் கண்ணாடித் தாள் ஒட்டிய சதுர அட்டைக்குள் அதை வைத்து, கிடைத்த தேதியை எழுதுவான். ரொம்ப நல்ல காசு என்றால் கீழே 'சாதா' என்றும் எழுதுவான். நிஜமான சாதாவுக்கு அட்டையே கிடையாது, டப்பாவில் கொட்டிவிடுவான். கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது எவனும் உருவிவிடக் கூடாதாம். திருடனுக்கே தண்ணி காட்டுகிறானாம், துரை.

அவன் கடைசியாகப் போன் செய்தபோது நான் ரத்தக் குழாய்களை எந்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு மாட்டிருக்கு."

"என்னது?"

"சொல்ல மாட்டேன். நீ நேர்ல வா. வந்து நீயே கண்டுபிடி."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. போனை வை."

வைத்துவிட்டான். மறுநாள் காலையில் நெஞ்சு வலி. அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து நான் அவன் வீட்டுக்குப் போனபோது தம்பி பெண்டாட்டி காசு டப்பாக்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "பாத்து வேணுங்கறத எடுத்துக்குங்க அண்ணி" என்றாள். மூடியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. "எல்லாத்தையும் எடைக்காரர்கிட்ட போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஊரார் காசையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற நான், தம்பியின் காசைப் பார்க்காமலே எடைக்குப் போடச் சொன்னேன். நாலு நாள் கழித்துதான் பொறி தட்டியது. மாட்டியிருக்கிறது என்றானே, அது எது? அதுவும் அந்த டப்பாக்களோடு போயிருக்குமே. அதைத் தேடித்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். வேறு எந்தக் காசும் எனக்கு வேண்டாம்.

எடைக்காரர் என்பது பட்டப்பெயர். பழைய காசைக் கிலோ கணக்கில் வாங்கி, பெரிய தட்டில் கொட்டி, 'எதை எடுத்தாலும் இருபது' என்று எழுதி வைப்பார். ஒவ்வொன்றாகப் பார்க்கச் சோம்பல். அவர் பார்க்காமல் விட்டதைப் பொறுக்கித்தான் நாங்கள் எங்கள் ஆல்பங்களை நிரப்பினோம். ஒருமுறை அவருடைய கண்ணாடிப் பெட்டியில் நூறு விலை போட்ட ஒரு காசு இருந்தது. "செத்துப்போன எங்க மாமா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தார்" என்று தம்பி கண்ணைக் கசக்கினான். மனுஷன் இளகி முப்பதுக்குக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு மாமாவே கிடையாது. விஷயம் பிறகு அவருக்குத் தெரிந்துபோனது. அதிலிருந்து எங்களைக் கண்டால் பெட்டியை இழுத்துப் பூட்டுவார்.

"வாங்கக்கா. கூட்டாளி எங்க?" என்றார் இன்றைக்கு. டப்பாக்களை வீட்டுக்குப் போய் எடுத்து வந்தது அவருடைய மச்சான். யார் வீட்டுக் காசு என்று இவருக்குத் தெரியாது.

"வரலை" என்றேன்.

ஒரு மணி நேரம் குனிந்தபடி தட்டைக் கிளறினேன். காசின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்ற வேண்டும். பின்பக்கம் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அச்சடிக்கும்போதே கோளாறு என்று அர்த்தம். இருபது ரூபாய்க்காரன் இரண்டாயிரக்காரன் ஆகிவிடுவான். அப்படி ஒன்று இன்றைக்கு மாட்டியது. பின்பக்கம் ஏறக்குறைய படுத்தே கிடந்தது. பழைய நானாக இருந்தால் உள்ளங்கை வியர்த்திருக்கும். நாலு வெத்துக் காசோடு சேர்த்து எடுத்து, நூறைக் கொடுத்துப் பைக்குள் போட்டேன். பேருந்துச் சீட்டைப் பைக்குள் போடுவது போலத்தான் இருந்தது.

பிறகு தட்டின் அடியில் ஓர் அட்டை தெரிந்தது. தம்பியின் கோழிக் கிறுக்கல். அவன் எனக்குப் போன் செய்த அதே தேதி. அதன் கீழே 'சாதா'.

பதினெட்டு வருஷப் பழக்கம் காற்றில் போயிற்று. இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுழற்றினேன், நேராக நின்றது. வருஷம் சாதாரண வருஷம். எழுத்து, விளிம்பு, நாணயச்சாலை முத்திரை எல்லாம் ஒழுங்கு. ஒன்றுமே இல்லை. நிமிர்ந்தால் எடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அவர் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். இரண்டு தலையும் ஒரே காசின் மேல் முட்டிக்கொண்டன.

"ஒண்ணும் தெரியலையே அண்ணே."

"அக்கா கண்ணு பட்டிருக்குல்ல, சும்மாவா படும்? ஐந்நூறுக்கா."

"வெளியில இருபதுன்னு எழுதிருக்கீங்க."

"அப்ப ஆயிரம்."

அவர்களுக்குத் தெரியத் தெரிய விலை ஏறினால் நியாயம். தெரியாமல் இருக்க இருக்க ஏறியது. காசு கை நழுவிவிடும் போல் இருந்தது.

"அது என் தம்பி எழுதினது. அவன் செத்துட்டான்" என்றேன்.

இத்தனை நாளில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. 'போய்ட்டான்', 'இல்லை' என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். எடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அன்னிக்கு மாமாவைச் சாகடிச்சீங்க, இன்னிக்குத் தம்பியா? அடப் பாவமே! வெளிய நின்னு சிரிச்சிட்டிருப்பான், உள்ள வரச் சொல்லுங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் வினை விதைத்தவர்கள். ஆனாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கும் அளவுக்காவது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பைக்குள்ளிருந்து அந்தச் சாய்ந்த காசை எடுத்து, அவர் கண் முன்னால் சுழற்றிக் காட்டினேன். வாயைப் பிளந்தார்.

"உங்க தட்டுலதான் கிடந்துச்சு. இதை வச்சுக்கிட்டு அதைக் குடுங்க."

"இதையே குடுக்குறீங்கன்னா அதுல எவ்ளோ பெரிய சமாச்சாரம் இருக்கணும்!"

பக்கத்து மேஜைக்காரர் அவர் தொடையைக் கிள்ளினார். "கண்ணுக்குத் தெரியறதை விட்றாதீங்க அண்ணே." எடைக்காரர் அரை மனதோடு அட்டையை நீட்டினார். நான் நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, இனிமே திருப்பிக் கேக்க மாட்டேன். அதுல என்னதான் இருக்கு?"

"எனக்கும் தெரியலை."

"சொல்லிட்டாலும்!"

வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்து தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். "எனக்குக் கடைசியா போன் பண்ண அன்னிக்கு ஒரு காசுக்கு அட்டை போட்டானேம்மா, அதுல என்ன விசேஷம்னு உன்கிட்ட சொன்னானா?"



"அது நான் காய் வாங்கிட்டு வந்த சில்லறை அண்ணி. ஒண்ணுமே இல்ல அதுல. அப்போ நீங்க அஞ்சு மாசமா வரலைல்ல? வந்தாலும் பத்து நிமிஷத்துல கிளம்பிடுவீங்க. சாதான்னு எழுதிக் குடுத்தா அக்கா நம்ப மாட்டா, ஒரு மணி நேரமாவது உக்காந்து தேடுவா, அதுக்குள்ள நீ சமைச்சு முடிச்சிடுன்னார்."

போனைக் காதில் வைத்தபடியே அட்டையைத் திருப்பி அந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்தேன்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இருக்கேன். இப்ப வரட்டுமாம்மா?"

"வாங்க. ஆனா காசு எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சே அண்ணி. நீங்க பாக்க இங்க ஒண்ணும் இல்லையே."

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

"பரவால்ல. சும்மாதான் வரேன். சமைச்சு வை" என்றேன்.

சொன்னேனே தவிர உடனே எழுந்திருக்க முடியவில்லை. அட்டையைப் பிரித்துக் காசை வெளியே எடுத்தேன். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்துச் சுழற்றினேன். நேராக நின்றது. லென்ஸை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தேட ஆரம்பித்தேன்.